மென்பொருளுக்குள் வைத்த ஸ்கிரிப்ட் எஞ்சின் காலை வாரிய கதைகள் (சேலம்)

ஐந்து ரோட்டுக்காரன்:
செல்போன் கடை பில்லிங். பில் அமைப்பைக் கடைக்காரரே மாற்றிக்கொள்ளட்டும் என்று உள்ளே லுவா 5.1 என்ற ஸ்கிரிப்ட் மொழி. தீபாவளிக் கூட்டத்தில் ஒருவர் பில்லைத் திருப்பிக் கொண்டுவந்து, "தம்பி, போன் நம்பர்ல எதுக்குப் ப்ளஸ் போட்டிருக்கு?" என்றார். பார்த்தால் ஐஎம்இஐ (போனின் அடையாள எண்) இருக்க வேண்டிய இடத்தில் 8.6 என்று தொடங்கி 'இ+14' என்று முடிகிறது. எண்ணுக்கு 15 இலக்கம், 5.1-இல் எல்லா எண்ணும் டபுள் (தசம எண் வகை), எழுத்தாக்கும்போது 14 இலக்கத்தோடு நிறுத்திவிடும். முழு எண்ணாக ஃபார்மேட் செய்தேன். விண்டோஸில் லாங் என்ற முழு எண் வகை 32 பிட்தானே, அதில் அடங்காமல் மைனஸ் 214 கோடிச் சொச்சம் வந்தது! தசமம் இல்லாத ஃபுளோட்டாக மாற்றியதும்தான் சரியானது. அந்த ஆள் போன் பெட்டியை பில்லோடு வைத்து ஒவ்வொரு இலக்கமாக விரலால் சரிபார்த்தார்.

ஏற்காட்டு மூடுபனி:
எங்களுக்குப் பைத்தான். காபி எஸ்டேட்டில் உலர்த்தியின் வெப்பநிலைக் கணக்கு. மணிக்கு ஒருமுறை எங்கள் புரோகிராமுக்குள்ளேயே இன்டர்ப்ரெட்டரை (பைத்தானை ஓட்டும் பகுதி) துவக்கி, வேலை முடிந்ததும் மூடுவோம். முதல் தடவை ஓடும். இரண்டாம் தடவை நம்பை (NumPy) என்ற கணித நூலகத்தை இம்போர்ட் செய்ததும் கிராஷ். எஸ்டேட் ரைட்டர் போனில், "சார், பொட்டி மறுபடி செத்துப் போச்சுங்க." இப்போது துவக்குவதோடு சரி, மூடுவதே இல்லை.

செவ்வாய்பேட்டை சி++:
ஐந்து ரோட்டுக்காரரே, அது பக் இல்லை. ஐஎம்இஐயை வைத்துக் கூட்டிக் கழிக்கவா போகிறீர்கள்? ஸ்ட்ரிங்காக வையுங்கள். இல்லையா, 5.3-க்குப் போங்கள், 2015-லேயே 64 பிட் முழு எண் வந்துவிட்டது. என் கதை ஜவ்வரிசி ஆலையில், லினக்ஸ் பெட்டியில். லாக் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொட வைக்கும் பூட்டு) பிடித்திருந்த சி++ ஃபங்ஷனுக்குள் லுவா எரர். லாங்ஜம்ப்பில் (ஃபங்ஷனை நடுவிலேயே விட்டுத் தாவும் சி முறை) தாவியதில், லாக்கை விடுவிக்க வேண்டிய டிஸ்ட்ரக்டர் ஓடவில்லை, திரை அப்படியே நின்றது. ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன்: லுவாவையே சி++ ஆகக் கம்பைல் செய்யுங்கள், எரர் எக்ஸெப்ஷனாக வரும், டிஸ்ட்ரக்டரும் ஓடும். முடியாவிட்டால் லாக்கை விட்ட பிறகு எரர் விடுங்கள். வெளியிலிருந்து கூப்பிடும் ஒவ்வொரு இடத்திலும் பிகால் (எரரைப் பிடித்துக்கொள்ளும் லுவா அழைப்பு) இருக்கட்டும். ஒரே லுவா ஸ்டேட்டை (ஓடும் லுவாவின் நிலையை) இரண்டு த்ரெட் தொடவே கூடாது. ஏற்காட்டுக்காரரும் பைத்தானைத் தனி பிராசஸாக ஓட்டலாமே?

ஏற்காட்டு மூடுபனி:
நான் கேட்கவே இல்லையேங்க.

ஐந்து ரோட்டுக்காரன்:
ஸ்ட்ரிங்காகத்தான் அனுப்பினேன். முன்னால் ஒட்டியிருந்த இடைவெளியை நீக்க, கடைக்காரர் தன் ஸ்கிரிப்டில் அதோடு 0-வைக் கூட்டியிருக்கிறார். லுவாவும் சத்தமில்லாமல் எண்ணாக்கிவிட்டது. 5.3 அறிவுரையை அவரிடம் நீங்களே வந்து சொல்லுங்கள், டீ என் செலவு.