தோற்றவருக்குக் காரணம் புரிய வேண்டாமா?

தக்கலைக்காரன்:
எங்கள் வீட்டு வழிப்பாதை வழக்கில் தோற்றுவிட்டோம். தீர்ப்பு 42 பக்கம். அதில் 35 பக்கம் எங்கள் பிராதில் (வழக்கு மனுவில்) சொன்னது, எதிருரையில் சொன்னது, சாட்சிகள் சொன்னது. இடத்தைப் பார்த்துவர நீதிமன்றம் அனுப்பிய கமிஷனரின் அறிக்கையில் பாதை இருப்பதாகத் தெளிவாக இருக்கிறது. அதைப் பற்றி ஒரே வரி: வாதி வழக்கை நிரூபிக்கவில்லை. ஏன் தோற்றோம் என்று அப்பா கேட்கிறார். எனக்கே தெரியவில்லை.

குழித்துறை வக்கீல்:
தம்பி, கமிஷனர் அறிக்கையை நீதிமன்றம் ஏற்றே ஆக வேண்டும் என்றில்லை. சாட்சியத்தை விரிவாக எழுதுவதும் தேவைதான். ஒன்று விட்டுப்போனாலும், 'கீழ்க்கோர்ட் சாட்சியைக் கவனிக்கவில்லை' என்று அப்பீலில் நாங்களே முதல் வரியாக எழுதுவோம். வாதம் முடிந்து 30 நாளுக்குள் தீர்ப்பு சொல்லவும் பார்க்க வேண்டும். நீதிபதியின் மேஜையில் உள்ள வழக்குக் கட்டுகளை நினைத்துப் பாருங்கள்.

நாஞ்சில் வாசகி:
சார், நான் கோர்ட்டில் தட்டச்சராக இருந்தவள். 'என்றும், மேலும், என்பதாகவும்' என்று ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரே வாக்கியம் அடித்திருக்கிறேன். அடித்த எனக்கே யார் யாரைச் சொன்னார் என்பது புரியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 20 விதி 4 வழக்கின் சுருக்கம், தீர்மானிக்க வேண்டிய கேள்விகள், முடிவு, காரணம் இவற்றைத்தான் கேட்கிறது. சாட்சியத்தை அப்படியே இறக்கி வைப்பது காரணம் ஆகாது. அறிக்கையை ஏற்க வேண்டாம், சரி. 'பாதை இருக்கிறது, ஆனால் 20 வருடம் தடையில்லாமல் உரிமையாக நடந்ததைக் காட்டவில்லை' என்று இரண்டு வரி எழுதியிருந்தால் அந்த அப்பாவுக்குப் புரிந்திருக்கும்.

குழித்துறை வக்கீல்:
நம் ஊர் வழக்குகள் அவ்வளவு லேசில்லை அம்மா. 1956இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்வதற்கு முந்தைய பத்திரம் மலையாளத்தில் இருக்கும். அதில் ஓர் எல்கை (எல்லை), சர்வேயில் வேறு எல்கை. இரண்டு வரியில் முடியாது.

நாஞ்சில் வாசகி:
அப்படியென்றால் எந்த எல்கையை எடுத்தார், ஏன் எடுத்தார் என்பதற்கு இரண்டு பக்கம் எழுதட்டும். இடம் தேவைப்படுவது அங்கேதான். 2022இல் ஸ்டேட் பேங்க் வழக்கொன்றில், இமாச்சல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு படித்தால் புரியவில்லை என்று உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. பத்திகளுக்கு எண் போடுங்கள் என்பது வரை அதில் சொன்னார்கள்.

குழித்துறை வக்கீல்:
பத்தி எண்ணை ஒப்புக்கொள்கிறேன், அப்பீலில் எங்களுக்கும் உதவும். நீளத்தை மட்டும் குற்றமாக்காதீர்கள். தம்பி, தீர்ப்பின் நகல் கேட்டு மனு போட்டாயிற்றா? முன்சீப் கோர்ட் தீர்ப்பென்றால் அப்பீலுக்கு 30 நாள்தான், நகல் கிடைக்க ஆகும் நாட்களை அதில் கணக்கிட மாட்டார்கள். அப்பீலில் கட்டளை 41 விதி 31படி அந்த நீதிபதியும் தன் காரணத்தை எழுதியாக வேண்டும். கமிஷனர் அறிக்கையை முதல் காரணமாக வையுங்கள்.

தக்கலைக்காரன்:
திங்கட்கிழமை போடுகிறேன் அண்ணா.