கையடக்கப் போன்மியா, காவு போன்மியா?

அன்புள்ள குழும உறவுகளுக்கு மட்டக்களப்பிலிருந்து வணக்கம்.

கனடாவில் வீட்டு நிலக்கீழ் அறையில் கோல்ப் பயில விரும்பும் தமிழருக்கான வழிகாட்டியொன்றை வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டியிருப்பதால், இரு சொற்களை இன்றே முடிவுசெய்ய வேண்டியுள்ளது.

அடித்த பந்தின் போக்கைக் கணித்துத் திரையில் காட்டும் சிமுலேற்றருக்குக் கல்முனை ஐயா முன்மொழிந்த 'பாவிப்பி'யை என்னால் ஏற்க முடியவில்லை. பாவித்தல் என்றால் பயன்படுத்துதல் என்றே இங்கு எவரும் கொள்வர். 'போன்மி' பொருந்தும். போலும் என்பது 'போன்ம்' எனத் திரிந்து, மகரமும் கால் மாத்திரையாகக் குறுகி நிற்பதை இலக்கணம் படித்தவர் அறிவர். அவ்வளவு தேய்ந்த சொல்லில் ஒரு கருவிப்பெயர் முளைத்திருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி.

சிக்கல், எடுத்துச் செல்லக்கூடிய வகையையும் நிலையாகப் பொருத்தும் வகையையும் பிரித்துக் காட்டும் அடைமொழியில்தான். 'கையடக்க' என்றதும் நம்மவர்க்குத் தொலைபேசியே நினைவில் வரும். பந்தின் வேகத்தையும் கோணத்தையும் அளக்கும் பெட்டி சிறியதுதான். வலையும் விரிப்பும் புரொஜெக்டரும் எந்தக் கைக்குள் அடங்கும்? அவற்றைக் காவி, அதாவது சுமந்து, சென்று விரித்து, பெட்டியை இலக்குக்கு நேராக வைத்துச் சரிபார்த்த பின்னரே அடிக்கலாம். ராடார் வகையாயின் பந்துக்குப் பின்னாலும் சில அடி இடம் வேண்டும். நிலையாகப் பொருத்தும் வகையில் திரை சட்டத்தில் இறுக்கப்பட்டிருக்கும். அளக்கும் கருவியைக் கூரையிலேயே பூட்டிவிடுவோரும் உண்டு. அறை ஒன்பது அடி உயரமேனும் இல்லையென்றால் பலருக்கு நீண்ட கோலை வீச இயலாது. காவக்கூடியதை முற்றத்துக்கு எடுத்துச் செல்லலாம், பூட்டியதை என்ன செய்வது? வாங்குபவர் அறிய வேண்டிய இவ்வேறுபாட்டைச் சொல்லே காட்ட வேண்டும். ஆகவே 'காவு போன்மி', 'பொருத்து போன்மி' என்கிறேன். இரண்டும் வினைத்தொகை, சுடுசோறு போல வலி மிகாது.

காவு என்றால் பலி என்று சென்னை நண்பர் அஞ்சுகிறார். இங்கே அம்புலன்ஸ் 'நோயாளர் காவு வண்டி' என்ற பெயரில் அன்றாடம் ஓடுகிறது. எவரும் பலியை நினைப்பதில்லை. 'காவினெம் கலனே சுருக்கினெம் கலப்பை' என்ற ஔவையின் புறநானூற்று அடி, கருவிகளைச் சுருக்கிக் கட்டித் தோளில் காவிச் செல்வதையே சொல்கிறது. இதைவிடப் பொருத்தமான சான்று வேறு வேண்டுமா?

*

அன்புள்ள தம்பி,

'காவு'வை மனமார ஏற்கிறேன். கையடக்கத்தை விடுவதே நல்லது. 'பொருத்து' என்பதில் எனக்கு உடன்பாடில்லை. காவிச் சென்ற வலையையும் ஒவ்வொரு முறையும் பொருத்தத்தானே வேண்டும்? பொருத்திய பின் கழற்றாமல் விடுவதே வேறுபாடு என்பதால் 'நிலைப்போன்மி' என்க. இது பெயர்த்தொகை, வலி மிகும். பெரும்பான்மையோர் உங்கள் பக்கம் நிற்பதால் வெள்ளிக்கிழமை அப்படியே அனுப்புங்கள். வகுப்பில் நான் 'நிலைப்போன்மி' என்றே சொல்லிக் கொடுப்பேன்.

காரைதீவிலிருந்து,
அக்கா