பத்மநாபபுரம் அரண்மனைக்கு மட்டும் சுற்றுலா என்றால் பெற்றோர் ஒத்துக்கொள்வார்களா?

விளவங்கோட்டு வாத்தியார்:

எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். எங்கள் பள்ளிச் சுற்றுலா வருடாவருடம் ஒரே தடம்தான்: விடியுமுன் புறப்பட்டு, தக்கலை பக்கத்தில் திருவிதாங்கூர் ராஜாக்களின் பழைய பத்மநாபபுரம் அரண்மனை, அங்கிருந்து திருவனந்தபுரம் நேப்பியர் மியூசியம், மிருகக்காட்சி சாலை, பொழுது சாயும்போது சங்குமுகம் கடற்கரை. அரண்மனைக்குள் முக்கால் மணி நேரம் இருந்தால் அதிகம். வழிகாட்டி "மூலிகை மரங்களால் செய்த மருந்துக் கட்டில்" என்பார், பிள்ளைகள் நின்றபடியே எழுதிக்கொள்வார்கள். மறுநாள் கட்டுரை நோட்டைத் திருத்தினால் எல்லாவற்றிலும் அதே வரி, எழுத்துப்பிழை உட்பட.

சென்ற ஆண்டு ஊட்டுப்புரையில் நடந்தது மனத்தை விட்டுப் போகவில்லை. ஆயிரம் பேர் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்ட இடம் என்று வழிகாட்டி சொன்னதும் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் என் பக்கத்தில் வந்து, "சார், எங்கள் வீட்டு ஆட்களுக்கும் இங்கே சோறு போட்டிருப்பார்களா?" என்று கேட்டாள். பிராமணர்களுக்கென்று நடந்த ஊட்டு அது. அவளுடைய முன்னோர்களோ, பெண்கள் தோளில் சீலை போட்டதற்காகவே அடிபட்ட சனம். 1859-இல் திருவிதாங்கூர் மகாராஜா உத்திரம் திருநாளின் அரச அறிவிப்பு வந்த பிறகுதான் அதற்கே வழி பிறந்தது. அந்தக் கூடத்திலேயே பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசவேண்டிய விஷயம். வெளியே டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார்.

இந்த ஆண்டு அரண்மனை மட்டும் போதும் என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். "ஒரே ஒரு இடத்துக்கா இவ்வளவு பணம் என்று வீட்டில் கேட்பார்களே" என்கிறார். வேறு பள்ளிகளில் யாராவது இப்படிச் செய்திருக்கிறீர்களா? உள்ளே எதைக் காட்டலாம், எதை விடலாம்?

தக்கலைப் பெரியவர்:

நானும் ஓய்வு பெற்ற ஆசிரியர்தான். முதலில் ஒன்று: திங்கட்கிழமை அரண்மனை விடுமுறை. தெரியாமல் வந்து கோட்டை வாசலில் பிள்ளைகளோடு நிற்கும் பஸ்களை அடிக்கடி பார்க்கிறேன்.

உள்ளே போனதும் டிக்கெட்டைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, எந்த அரசு கொடுத்த டிக்கெட் என்று பார்க்கச் சொல்லுங்கள். 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள், அதாவது இன்றைய குமரி மாவட்டம், திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அரண்மனையை மட்டும் இன்றும் கேரளத் தொல்லியல் துறைதான் பார்த்துக்கொள்கிறது. ஏன் என்று ஒருவனாவது கேட்பான். அவனைப் பேசவிடுங்கள்.

கட்டிலை விடலாம், கடிகாரத்தையும் விடலாம். டச்சுக் கம்பெனிப் படைத்தலைவர் டிலனாய் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் சரணடையும் ஓவியத்தை விடவே கூடாது. 1741 குளச்சல் சண்டையில் பிடிபட்டவர் அவர். அந்தப் படத்தை நன்றாகப் பார்க்கவைத்துவிட்டு, அப்படியே புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குக் கூட்டிப்போங்கள். பக்கம்தான். உள்ளே இடிந்த தேவாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. படத்தில் தோற்று நிற்பவர் 1777-இல் சாகும்போது திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதி, "வலிய கப்பித்தான்", அதாவது பெரிய கேப்டன். கல்லறையில் லத்தீனோடு தமிழும் வெட்டியிருக்கிறது. இடையில் என்ன நடந்திருக்கும் என்று அவர்களே ஊகிக்கட்டும். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். ஆசிரியர்களுக்கு அதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும்.

களியக்காவிளை அம்மா:

சாரே, கோபித்துக்கொள்ளாதீர்கள். என் வீட்டுக்காரர் ரப்பர் வெட்டப் போகிறவர். நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றுவது கிடையாது. என் மகன் புலியைப் பார்த்தது அந்தச் சுற்றுலாவில்தான். இன்றும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறான். வரலாறு படிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்காகப் புலியை ஏன் பிடுங்குகிறீர்கள்?

எனக்கு இன்னொன்றும் புரியவில்லை. தக்கலைக்குப் போக டூரிஸ்ட் பஸ் எதற்கு? மார்த்தாண்டத்தில் ஏறினால் நாகர்கோவில் பஸ் தக்கலையில் நிற்கிறது. அரண்மனையை ஒரு பள்ளி நாளில் பார்த்துவிட்டு வாருங்கள். சுற்றுலாவைச் சுற்றுலாவாகவே விடுங்கள். ஆகும் பஸ் காசைக் கொடுக்க யாரும் முறுமுறுக்கமாட்டார்கள்.

விளவங்கோட்டு வாத்தியார்:

அம்மா சொல்வது சரியாகப் படுகிறது. தலைமையாசிரியரிடம் இனி "சுற்றுலா" என்ற பேச்சையே எடுக்கப்போவதில்லை. பாடவேளை என்று அனுமதிக் கடிதம் எழுதுகிறேன். ஆனால் மொத்த வகுப்பையும் டவுன் பஸ்ஸில் ஏற்றுவது நடக்காத காரியம். இரண்டு பிரிவாக, வேறுவேறு நாளில், காலை நெரிசல் அடங்கிய பிறகு போகலாம் என்று நினைக்கிறேன். வீட்டிலிருந்து யாராவது கூட வந்தால் நல்லது. அம்மா, நீங்கள் வருவீர்களா?

பெரியவரே, டிலனாய் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஊட்டுப்புரையையும் விடமாட்டேன். அங்கே தரையில் உட்காரக் காவலர்கள் விடுவார்களா? உதயகிரிக் கோட்டைக்குள் பொதிச்சோறு பிரித்துச் சாப்பிடலாமா, அல்லது வெளியேதான் முடிக்கவேண்டுமா?