7 மீட்டர் கேரவனை கொடைக்கானல் பக்கம் இரவில் எங்கே நிறுத்தலாம்?

கேள்வி (திண்டுக்கல்லிலிருந்து)

வணக்கம். டெம்போ டிராவலரை மாற்றிக் கட்டிய கேரவன் ஒன்றை டிசம்பரில் வாடகைக்கு எடுக்கிறோம். நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர், மேலே ஏசி இருப்பதால் உயரம் 3 மீட்டரைத் தொடுகிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி, லாட்ஜ் படி ஏற முடியாது, படுக்கையும் கழிப்பறையும் வண்டியிலேயே இருந்தால் அவரும் எங்களோடு வந்துவிடுவார், அதற்காகத்தான் இவ்வளவும். முன்னதாக ஒரு நாள் காரில் போய் இடம் பார்த்து வரலாம் என்றிருக்கிறேன். பூம்பாறை, மன்னவனூர், முடிந்தால் பேரிஜம். தனுஷ்கோடியில் கடலோரமாக ஓர் இரவு தங்கவும் ஆசை. மலை, கடல் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா?

பதில் 1 (வத்தலக்குண்டு, வேன் ஓட்டுகிறவர்)

முடியாதுங்க. வத்தலக்குண்டிலிருந்து ராமேஸ்வரம் போகவே நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதோடு தனுஷ்கோடியில் சாயங்காலத்துக்கு மேல் வண்டிகளை இருக்க விடமாட்டார்கள், சாலை முடிகிற அரிச்சல்முனை வரை பகலில் போய்விட்டுத் திரும்பி ராமேஸ்வரம் ஊருக்குள் வாகன நிறுத்தம் உள்ள விடுதியில்தான் போட வேண்டும். கடலுக்கு வேறொரு நாள் வையுங்கள்.

மலைக்கு வத்தலக்குண்டு பாதையிலேயே ஏறுங்கள், பழனி வழி குறுகலானது. பேரிஜத்தை விட்டுவிடுங்கள், வனத்துறை அனுமதி வாங்கிப் பகலில் பார்த்துத் திரும்பும் இடம் அது. பூம்பாறை தாண்டி மன்னவனூர் வரை காரில் போகும்போது காட்சியைப் பார்க்காமல் வளைவைப் பாருங்கள். எதிரே அரசு பஸ் வந்தால் உங்கள் 7 மீட்டர் எங்கே ஒதுங்கும், எந்த இடத்தில் திருப்பலாம், மின்கம்பி எவ்வளவு தாழ்வாகத் தொங்குகிறது, மரக்கிளை ஏசியில் உரசுமா, இதையெல்லாம் போனில் படம் பிடித்துக்கொண்டு வாங்க. கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம், காருக்கு எடுத்தது கேரவனுக்குச் செல்லாது, அந்த வண்டி எண்ணுக்குத் தனியாகப் பதிய வேண்டும்.

பதில் 2 (பண்ணைக்காடு)

அண்ணா சொன்னது சரி. நான் இன்னொன்று சொல்கிறேன், பூம்பாறை, மன்னவனூர் இருக்கிற மேல்மலைக்கே போகணும் என்று இல்லை. பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் காபித் தோட்டங்களில் வீட்டுத் தங்கல் நடத்துகிறவர்களிடம் கேட்டால் கேட்டுக்கு உள்ளேயே நிறுத்த விடுவார்கள். குளிர் கம்மி, அப்பாவுக்கும் நல்லது. காட்டோரமாகவோ சாலையோரமாகவோ போட்டுவிட்டுப் படுக்காதீர்கள், வனத்துறைக்காரர்கள் எழுப்பி அனுப்பிவிடுவார்கள், இந்தப் பக்கம் யானை வருகிற இடம் வேறு.

தோட்டத்தில் இருக்கிற ஒரே சமதளம் பெரும்பாலும் காபிக் களம்தான். சிமெண்ட் தரை, கேரவன் ஆடாமல் நிற்கும். ஆனால் டிசம்பர் பழம் எடுக்கிற காலம், களம் முழுக்க கொட்டை காயும், தினமும் நாலு தடவை காலால் கிளறிவிடுவார்கள், அங்கே வண்டி ஏற்ற முடியாது. அதனால் லாரி வந்து மூட்டை ஏற்றும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். லாரி நிற்கிற இடத்தில் உங்கள் வண்டி நிற்கும், அங்கேயே திருப்பவும் முடியும். அங்கே சரிவு இருந்தால் சக்கரத்துக்குக் கட்டை போட்டாலும் படுக்கை சாய்வாகத்தான் இருக்கும், இரவெல்லாம் தலை கீழே இறங்கும். ஒரு தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்து உருளுகிறதா என்று பாருங்கள், அது போதும்.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றி, களம் விஷயம் சத்தியமாகத் தெரியாது. கழிப்பறைத் தொட்டியை எங்கே காலி செய்வது? ஊட்டி பக்கம் போனாலும் இதே கதைதானா?

பதில் 3 (குன்னூர்)

தொட்டியை மலையில் எங்கேயும் திறக்காதீர்கள், ஓடையில் கண்டிப்பாக வேண்டாம். கீழே இருக்கிற ஊர்கள் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான். தோட்டத்து வீட்டில் செப்டிக் டேங்க் இருக்கும், அதில் விடச் சம்மதமா, மூடி வரைக்கும் குழாய் எட்டுமா என்று இடம் பார்க்கப் போகும் நாளிலேயே கேளுங்கள். சம்மதிக்காவிட்டால் வேறு இடம் பாருங்கள், காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

நீலகிரிக்கும் இ-பாஸ் உண்டு. கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதை ஆக்குவார்கள். 36 கொண்டை ஊசி வளைவு உள்ள கல்லட்டிப் பாதையில் ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்க நினைக்கவே வேண்டாம், வெளியூர் வண்டிகளை அங்கே இறங்க விடுவதில்லை. முதுமலை தாண்டி பந்திப்பூர் வழியாக மைசூர் போவதென்றால் இரவு 9 முதல் காலை 6 வரை சாலை மூடியிருக்கும். எந்த மலையானாலும் இறங்கும்போது இரண்டாவது கியர். தண்ணீர்த் தொட்டி நிரம்பிய வண்டிக்கு எடை அதிகம், பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடாகிப் பாதியில் பிடிக்காமல் போய்விடும். தண்ணீரைக் கால்வாசி மட்டும் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.