எக்ஸெம்ட் இன்கம்: தமிழில் என்ன போடலாம்? (கோத்தகிரித் துண்டறிக்கைக்கு, அவசரம்)

பள்ளி ஆசிரியை, கோத்தகிரி:

குழுவினருக்கு வணக்கம். ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

சிறு தேயிலை விவசாயிகளுக்காக வருமான வரிப் படிவம் நிரப்பும் முகாம் நடத்துகிறோம். இரண்டு பக்கத் துண்டறிக்கை அச்சுக்குப் போக வேண்டும். எல்லாம் எழுதியாயிற்று, "எக்ஸெம்ட் இன்கம்", அதாவது வரி விதிக்கப்படாத வருமானம், என்ற இடத்தில் நின்றுபோனேன்.

இங்கே பலருக்கு ஒரு பக்கம் சம்பளம் அல்லது ஓய்வூதியம், இன்னொரு பக்கம் ஒன்றிரண்டு ஏக்கர் தேயிலை. பறித்த இலையை அப்படியே தொழிற்சாலைக்குக் கொடுத்து வாங்கும் பணம் முழுக்க விவசாய வருமானம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 10(1) பிரிவின்படி அதற்கு வரி கிடையாது. (இலையைத் தாமே தூளாக்கி விற்பவர்களுக்கு வருமான வரி விதிகளில் 8ஆம் விதி: 40 விழுக்காடு தொழில் வருமானம், 60 விழுக்காடு விவசாயம். அவர்கள் இந்த முகாமுக்கு வரமாட்டார்கள்.) வரி கிடையாது என்றதும் நம் ஆட்கள் அந்தப் பெட்டியைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். மாட்டிக்கொள்வது அங்கேதான். விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் "சகஜ்" என்கிற முதல் படிவம் செல்லாது, இரண்டாம் படிவத்துக்குப் போக வேண்டும். அதில் மொத்த வரவு, செலவு, முந்தைய 8 ஆண்டுகளில் ஈடாகாமல் நிற்கும் நட்டம் என்று தனித்தனிப் பெட்டிகள். 5 லட்சத்தைத் தாண்டினால் எந்த மாவட்டம், எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்றும் கேட்கிறது.

சென்ற முகாமில் ஹட்டியிலிருந்து (படகர் சிற்றூர்) வந்த பெரியவர் ஒருவர், இலை விற்ற சீட்டுகளை ரப்பர் பேண்டு போட்டு மாதவாரியாகக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். ஒரு சீட்டும் குறையவில்லை. மாதிரிப் படிவத்தில் மூன்று பெட்டி நிரப்பியதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். "வரி இல்லேன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எதுக்கும்மா இத்தனை கேள்வி?"

"விலக்குப் பெற்ற வருமானம்" என்று எழுதிப் பார்த்தேன். விலக்கு என்றால் விட்டுவிட வேண்டியதுதானே என்கிறார்கள். மதுவிலக்கு என்ற சொல்லோடு வளர்ந்தவர்கள் வேறெப்படி எடுத்துக்கொள்வார்கள்? வரி இல்லை, ஆனால் கட்டாயம் காட்ட வேண்டும். இந்த இரண்டும் தெரிகிற மாதிரி ஒரு சொல் சொல்லுங்கள்.

கணக்காளர், குன்னூர்:

அம்மா, நீங்கள் சொன்னது பாதிதான். காட்டினால் மட்டும் போதாது, அந்தப் பணம் மற்ற வருமானத்தின் வரியையும் ஏற்றிவிடும். துண்டறிக்கையில் இது கட்டாயம் வர வேண்டும்.

ஓர் உதாரணம். பழைய வரி முறை, 60 வயதுக்குக் கீழே. கழிவெல்லாம் போகச் சம்பளம் 6 லட்சம், இலை வருமானம் 2 லட்சம் என்று வையுங்கள். சம்பளத்துக்கு மட்டும் கணக்குப் போட்டால் வரி 32,500. இப்போது இரண்டையும் கூட்டி 8 லட்சத்துக்குப் போடுங்கள், 72,500 வரும். அதிலிருந்து, இலை வருமானத்தோடு 2.5 லட்சம் அடிப்படை வரம்பை (அதுவரை வரி இல்லை) சேர்த்த 4.5 லட்சத்துக்கான வரி 10,000த்தைக் கழியுங்கள். மீதி 62,500. இதற்கு மேல் 4 விழுக்காடு தீர்வை (செஸ்). வரியே கிடையாது என்று சொல்லப்பட்ட 2 லட்சம், வரியை 30,000 ரூபாய் கூட்டிவிட்டது. மற்ற வருமானம் அடிப்படை வரம்புக்குள்ளேயே நின்றால் இந்தச் சேர்ப்பு கிடையாது. அதையும் போடுங்கள், இல்லாவிட்டால் சின்ன விவசாயி வீணாகப் பயப்படுவார்.

சொல்லைத் தமிழறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஊட்டி:

புதுச்சொல் எதற்கு? ஆயிரம் ஆண்டுகளாகக் கல்லில் இருக்கிறதே! இறையிலி.

இறை என்றால் வரி. "இறைவற்கு இறையொருங்கு நேர்வது நாடு" (குறள் 733) என்ற தொடரில் அரசனும் வரியும் ஒரே வேரில் நிற்பதைப் பாருங்கள். வரி இல்லாதது இறையிலி. தேவதானம் (கோயில் நிலம்), பள்ளிச்சந்தம் (சமண, பௌத்தப் பள்ளி நிலம்) எல்லாம் இறையிலியாகவே விடப்பட்டன. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் கல்வெட்டுகளில் "இறையிலி நீங்கு நிலம்" என்று வருகிறது. ஊர்நத்தம், குளம், சுடுகாடு என எதற்கெல்லாம் வரி இல்லையோ அவற்றை அளக்காமல் விட்டார்களா? மா, காணி, முந்திரி என்ற சிறு நில அளவுகள் வரை அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். வரி இல்லை, ஆனால் கணக்கில் உண்டு. ஆசிரியை கேட்கும் பொருள் அப்படியே இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர், கூடலூர்:

ஐயா, கல்வெட்டுச் செய்தி அருமை. ஆனால் இன்று "இறையிலி" என்று படிப்பவர் கடவுள் இல்லாதவர் என்றுதான் நினைப்பார். படிவத்தில் "உங்கள் இறையிலி வருமானம் எவ்வளவு?" என்று கேட்டால் கோயில் வருமானமா என்று கேட்பார்கள். இன்னொன்று, நீங்கள் காட்டிய தொடரிலேயே "நீங்கு" இருக்கிறது. மொத்தத்திலிருந்து கழித்துவிடு என்றுதானே அதற்குப் பொருள்? நமக்கு வேண்டியது கழிக்காத சொல்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஊட்டி:

தம்பி, பழகாத சொல் எல்லாம் முதலில் அப்படித்தான் இருக்கும். பேருந்து பழகவில்லையா?

இறையிலி வேண்டாம் என்றால் முதற்குலோத்துங்கன் பக்கம் வாருங்கள். சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர் பெற்றவன். "வரி தவிர்த்த வருமானம்" என்று போடலாம். வருமானம் என்பதையும் நான் விரும்பவில்லை. "புயலென்னும் வாரி" என்கிறது குறள் 14. வாரிக்கு வருவாய் என்று அகராதியே பொருள் சொல்கிறது. மானாவாரி என்கிறோமே, அது வானவாரி, வானம் தரும் வாரி. படிவமே பாசனமா மானாவாரியா என்று கேட்கும்போது வாரி நம் விவசாயிக்கு அந்நியச் சொல் அல்ல. "வரி தவிர்த்த வாரி" என்று சொல்லிப் பாருங்கள், மோனையும் சேர்ந்து வருகிறது.

கணக்காளர், குன்னூர்:

ஐயா, பெரியவர் நீங்கள், மன்னிக்க வேண்டும். "வரி தவிர்ப்பு" இன்று எங்கள் தொழிலில் சட்டத்தின் சந்துபொந்துகளில் புகுந்து வரியிலிருந்து நழுவுவதைக் குறிக்கும் சொல். "வரி தவிர்த்த வருமானம்" என்று ஒரு விவசாயி தன் கையால் எழுதிக் கொடுப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வருவாய் என்று மாற்றினாலும் சிக்கல், தாசில்தார் அலுவலகம் என்று நினைப்பார்கள். வருமான வரி என்று துறையின் பெயரே இருப்பதால் வருமானம் இருக்கட்டும்.

கழிவு, தள்ளுபடி, விலக்கு மூன்றையும் குழப்பிவிடவும் கூடாது. வருமானத்தில் குறைப்பது கழிவு, போட்ட வரியில் குறைப்பது தள்ளுபடி, வரிக்கே வராதது விலக்கு. எங்களுக்கு விலக்கு பழகிய சொல்தான். முகாமுக்கு வருபவர்களுக்குப் புரியவில்லை என்றால் மாற்றிக்கொள்ளுங்கள்.

கல்லூரி விரிவுரையாளர், கோவை:

"காட்டுவருமானம்"? வினைத்தொகை. காட்டிய, காட்டுகிற, காட்டும் வருமானம், மூன்று காலத்துக்கும் பொருந்தும். காட்ட வேண்டும் என்ற கட்டளையும் உள்ளே வந்துவிடுகிறது.

மொழிபெயர்ப்பாளர், கூடலூர்:

உங்கள் கொங்குப் பக்கத்தில் காடு என்றால் என்ன ஐயா? மானாவாரி நிலம்தானே? "காட்டு வருமானம்" என்றால் காட்டில் விளைந்து வந்த பணம் என்றுதான் படிப்பார்கள். இங்கே மலையில் வனத்துறை நினைவும் சேர்ந்துவிடும்.

நான் சொல்வது "வரியில்லா வருமானம்". பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது, யாரையும் அகராதி தேட வைக்காது. அதன் கீழேயே "கட்டாயம் காட்டவும்" என்று தடித்த எழுத்தில் போட்டுவிடலாம். எல்லாப் பொருளையும் ஒரு சொல்லின் தலையில் ஏற்ற வேண்டாம்.

கல்லூரி விரிவுரையாளர், கோவை:

காட்டைத் திரும்பப் பெறுகிறேன். "வரியில்லா" ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். வகரம் இடையினம், எனவே ஒற்று மிகாது. துண்டறிக்கையில் வேறிடத்தில் "வரியில்லாத் தொகை" என்று வந்தால் தகர ஒற்றை மறக்க வேண்டாம். எனக்கு இன்னும் செறிவாக "வரிபடா வருமானம்" பிடிக்கிறது. ஆனால் வற்புறுத்தவில்லை.

கணக்காளர், குன்னூர்:

எனக்கு உறுத்துகிறது. வரியில்லா என்று தலைப்புப் போட்டுவிட்டு, கீழே 30,000 ரூபாய் கூடும் என்று எழுதினால் அந்தப் பெரியவர் மறுபடியும் பேனாவை மூடிவிடுவார்.

பள்ளி ஆசிரியை, கோத்தகிரி:

எல்லாருக்கும் நன்றி. அச்சகத்தில் இன்று மாலைக்குள் கேட்கிறார்கள். "வரியில்லா வருமானம் (கட்டாயம் காட்டவும்)" என்று போடுகிறேன். குன்னூர் ஐயாவின் உறுத்தல் நியாயம். அதனால் 6 லட்சம், 2 லட்சம் கணக்கைப் பெட்டி கட்டி முதல் பக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். "உங்கள் இலைப் பணத்துக்கு வரி இல்லை. ஆனால் உங்கள் சம்பளத்துக்கு எந்த விகிதத்தில் வரி என்பதை அதுவும் சேர்ந்து தீர்மானிக்கும்" என்பது அதன் முதல் வரி. சொல் செய்யாததை அந்த வரி செய்யட்டும்.

அடுத்த முகாமுக்கு இன்னொன்று இருக்கிறது. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் "முந்தைய ஆண்டு", "மதிப்பீட்டு ஆண்டு" இரண்டும் போய் "வரி ஆண்டு" என்ற ஒன்றுதான். எந்த ஆண்டைப் போடுவது என்று இங்கே ஒவ்வொருவரும் படும் பாட்டைப் பார்த்த எனக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் பழைய ஆண்டுகளுக்கு வரும் கடிதங்களில் பழைய சொற்களே இருக்கும். அதை எப்படி விளக்குவது என்று தனி இழையில் கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஊட்டி:

பெரும்பான்மைக்குத் தடை சொல்லவில்லை. ஆனால் என் கருத்து மாறவில்லை. வரியில்லா என்பதில் இல்லாமை மட்டும்தான் இருக்கிறது, அளந்து எழுதிய கணக்கு அதில் இல்லை. இறையிலியில் இரண்டும் உண்டு. துண்டறிக்கையின் கடைசியில் இடம் மிஞ்சினால் அடைப்புக்குறிக்குள்ளாவது அந்தச் சொல்லைப் போடுங்கள் அம்மா. பத்துப் பேர் கண்ணில் பட்டாலும் போதும்.

பள்ளி ஆசிரியை, கோத்தகிரி:

இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி இடம் இருக்கிறது ஐயா. போட்டுவிடுகிறேன்.