நாலு நாளா, இருபத்தொரு நாளா?

செந்தூல்காரன்: நேற்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எழுத்துப் பட்டறை. பேச வந்தவர், "21 நாள் எழுதினால் மனக்காயம் ஆறும், அறிவியலே நிரூபித்துவிட்டது" என்றார். எந்த அறிவியல்? உளவியல் ஆய்வாளர்கள் பென்னிபேக்கரும் பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் தினம் 15 நிமிடம், நாலே நாள் எழுதினார்கள். நாலு!

ஜெலுத்தோங் அக்கா: ஓசிக் கறிபாப் மூன்றைத் தின்றுவிட்டு இங்கே வந்து குறையா? அம்மா போன பிறகு எட்டு மாதம் கதை எழுதினேன் தம்பி. அதில் ரப்பர்த் தோட்டத்தில் பால்வாளியைக் கவிழ்த்துவிட்டு, கங்காணி முன்னால் வாயடைத்து நிற்கிற சிறுமி நான்தான். அவளை எழுதி முடித்த பிறகுதான் அவள்மேல் எனக்கிருந்த கோபம் போனது. இதில் நாள் கணக்கு எதற்கு?

செந்தூல்காரன்: கணக்குதான் முக்கியம். எழுதிய கையோடு அந்த மாணவர்களுக்கு மனம் இன்னும் கனத்துத்தான் போனது. பிந்திய மாதங்களில் வைத்தியரிடம் போவது குறைந்தது, அவ்வளவுதான். இதை மேடையில் சொன்னாரா? நாலு நாளை 21 ஆக்கத் தெரிந்தது!

பத்துமலை வாசகன்: ஒரு சந்தேகம். அவர்கள் எழுதியது சொந்த அனுபவம். அக்கா எழுதியது கதை. இரண்டும் ஒன்றா?

ஜெலுத்தோங் அக்கா: 1996இல் கிரீன்பர்க் என்ற ஆய்வாளரின் குழு, சில மாணவிகளிடம் தங்களுக்கு நடக்காத துயரத்தைக் கற்பனையாக எழுதச் சொன்னது. அப்படி எழுதியவர்களும் வைத்தியரிடம் போவது குறைந்தது. படித்துவிட்டு வாருங்கள்.

செந்தூல்காரன்: அதிலும் 21 நாள் இல்லையே!

பத்துமலை வாசகன்: ஆறுவது என்றால் என்ன என்றே இன்னும் யாரும் சொல்லவில்லை...

செந்தூல்காரன்: அது இருக்கட்டும். அக்கா, போன வருஷச் சிறுகதைப் போட்டியில் உங்கள் கதைக்கு முதல் பரிசு கொடுத்த நடுவர் யார்? இதே 21 நாள்காரர்தானே?

ஜெலுத்தோங் அக்கா: அப்படி வாங்க வழிக்கு! ஆறுதல் பரிசு கிடைத்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. நாலு நாள் உட்கார்ந்து எழுதிப் பாருங்களேன்.

கிள்ளான் பேனா: கைப்பேசியில் தட்டினால் எதுவும் ஆறாது. பேனாவால் எழுதணும்.

செந்தூல்காரன்: நடுவில் பேனா வியாபாரம் வேண்டாம் ஐயா. அக்கா, என் பரிசை இழுக்காதீர்கள். அந்தக் கதையில் எழுத்துப் பிழை உங்களுடையதைவிடக் குறைவு. சிறுமி பால் 'வெட்டினால்' என்று அச்சாகியிருந்ததை நான் மறக்கவில்லை. 'வெட்டினாள்'! அப்புறம், கறிபாப் இரண்டுதான். மூன்றாவது உங்கள் பேச்சாளர் எடுத்தது.