திருமந்திரத்தின் சூனிய சம்பாஷணைக்கு நல்ல உரை எது?

அனைவருக்கும் வணக்கம். அப்பா படுத்த படுக்கை, எனக்கு வேலையும் போய்விட்டது. தூக்கம் வராத இரவுகளில் திருமந்திரத்தை எடுத்து வைத்துக்கொள்கிறேன். மூவாயிரம் பாட்டையும் படிக்கத் தெம்பில்லை. ஒன்பதாம் தந்திரத்தில் (பகுதியில்) வரும் சூனிய சம்பாஷணை என்ற விடுகதை போன்ற பாடல்களில்தான் மனம் நிற்கிறது.

‘வழுதலை வித்திடப் பாகல் முளைத்தது’ என்கிறார் திருமூலர். கத்தரி விதை போட்டால் பாகற்கொடி! விதை யோகப் பயிற்சி, பாகல் வைராக்கியம் (பற்றின்மை), அதே பாட்டில் தொழுதுகொண்டு ஓடும் தோட்டக் குடிகள் ஐம்புலன்கள், கடைசியில் பழுக்கும் வாழைக்கனி முத்தி என்று பொருள் சொல்கிறார்கள். இப்படிப் பார்த்தால் என் கசப்புக்கும் அந்தத் தோட்டத்தில் ஓர் இடம் உண்டு என்று தோன்றுகிறது, கொஞ்சம் ஆசுவாசம். (கடன்காரர் போன் வந்தால் பாட்டெல்லாம் மறந்துவிடும், அது வேறு கதை.)

‘பார்ப்பான் அகத்திலே பாற்பசு ஐந்துண்டு’ பாட்டில்தான் சிக்கிக்கொண்டேன். மேய்ப்பாரின்றி வெறித்துத் திரியும் பசுக்கள் புலன்கள், சரி. மேய்ப்பவர் யார்? குருவா, என் அறிவா, சிவனேயா? வெறி அடங்கினால் அதே பசுக்கள் பால் சொரியும் என்கிறாரே, அப்படியென்றால் புலன்களை ஒழிக்கச் சொல்லவில்லையா?

யோகப் பொருளை எளிமையாக விளக்கும் உரை எது? பதிப்பகத்தின் பெயரையும் சொல்லுங்கள். குரு இல்லாமல் மூச்சுப் பயிற்சியில் இறங்கும் எண்ணமில்லை, பாட்டின் பொருள் மட்டும் போதும். பழைய பிரதி மலிவாகக் கிடைக்கும் இடம் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.